பனித்தள வீரர் வில்லி ஓரீ

வட அமெரிக்கக் கண்டத்தின் வடபாலுள்ள கனடா, குளிர் மிகுந்த நாடு. ஆண்டில் சில திங்கள் அங்குள்ள ஏரிகளும் ஆறுகளும் உறைந்து பளிங்குத் தரைபோலக் காட்சியளிக்கும். அந்நாட்டுச் சிறுவர் பலர் நடக்கப் பழகிய சில நாட்களிலேயே பனியின்மேல் சறுக்கவும் பழகிவிடுவர். அவர்கள் உயிரெனப் போற்றும் ஆட்டம் பனித்தள ஹாக்கி ஆகும்.

இவ்வாட்டத்தில் இரண்டு அணிகள் எதிர்நின்று ஆடும். இலக்குக் காப்பவர் உட்பட, ஓர் அணிக்கு அறுவர் ஒரே வேளையில் களத்தில் நிற்பர். களம் ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. வீரர்கள் எஃகு அலகு பொருத்திய சறுக்குக் காலணிகளை அணிந்து, கையில் நீண்ட மட்டையுடன் பனியின்மேல் விரைவர். இதில் பந்து கிடையாது. 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டையே மட்டையால் அடிப்பர். நன்கு அடிக்கப்பெற்ற வட்டு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பாயும். வீரர்கள் உடலோடு உடல் மோதுதலும் இவ்வாட்டத்தில் உண்டு. ஆதலின், கால்வலிமையும் கைத்திறனும் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு கூர்மையான கண்பார்வையும் இதற்கு வேண்டும். இத்தகைய ஆட்டத்தில், ஒரு கண்ணின் பார்வையை இழந்த பின்னரும் ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் ஆடிய ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

கனடாவின் கீழ்க்கோடியில் உள்ள மாகாணங்களுள் ஒன்று நியூ பிரன்சுவிக். அதன் தலைநகரான பிரெடரிக்டனில் 1935ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் வில்லி ஓரீ பிறந்தார். அவருடைய முன்னோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலவிய அடிமை வாழ்விலிருந்து தப்பிக் கனடாவிற் குடியேறிய கறுப்பினத்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. குளிர்காலத்தில் தந்தையார் வீட்டின் பின்புறத்தே நீரைப் பாய்ச்சி உறையவிட்டுச் சிறு பனித்தளம் அமைத்துக் கொடுப்பார். ஐந்தாம் வயதிலேயே சிறுவன் வில்லி, முறையாக அணி சேர்ந்து ஹாக்கி ஆடத் தொடங்கினான். மூத்த தமையன் அவனுக்கு ஆசானாகவும் துணையாகவும் விளங்கினார்.

வில்லி, பேஸ்பால் என்னும் ஆட்டத்திலும் வல்லவனாக இருந்தான். 1949ஆம் ஆண்டில், பேஸ்பாலில் வெற்றி பெற்ற சிறுவர் அணியினரை நியூயார்க் நகரத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஜாக்கி ராபின்சன் என்னும் பெருவீரரைக் காணும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1947இல், வெள்ளையர்க்கே உரியதாக இருந்த அமெரிக்கப் பேஸ்பால் பேரணிகளில் நிறத்தடையை உடைத்து நுழைந்தவர் ராபின்சன். அவரிடம் வில்லி, தான் ஹாக்கியும் ஆடுவதாகக் கூறினான். கறுப்பினச் சிறுவரும் ஹாக்கி ஆடுவரோ என்று அவர் வியந்தார். ஆடுவதோடு நில்லாது, அதில் தலைசிறந்தோர் ஆடும் தேசிய ஹாக்கி லீகில் ஒருநாள் இடம்பெற வேண்டும் என்பதே வில்லியின் உள்ளக் கிடக்கை. அந்நாளில் அந்த லீகில் ஆறே அணிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலேனும் அதுகாறும் ஒரு கறுப்பின வீரரும் ஆடியதில்லை.

வில்லி வளர்ந்து இளைஞரானார். பெரிய அணிகளுக்கு வீரரை அளிக்கும் இளைஞர் அணி ஒன்றில் சேர்ந்து ஆடிவந்தார். 1955-56ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒருநாள், இலக்கருகே நின்றபோது விரைந்து வந்த வட்டொன்று அவருடைய வலக்கண்ணைத் தாக்கியது. அந்நாளில் வீரர்கள் பெரும்பாலும் தலைக்கவசமோ முகக்கவசமோ அணிவதில்லை. மருத்துவர் சிகிச்சை செய்தும் அக்கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. இனி ஹாக்கி ஆடுதல் இயலாது என மருத்துவர் கூறிவிட்டார். ஓரீக்கு அப்போது வயது இருபதே.

ஓரீ துயருற்றார், ஆயினும் சோர்ந்துவிடவில்லை. காண இயலாததை எண்ணி வருந்துவதைவிட, காண இயல்வதைக்கொண்டு ஆடுவதே தக்கது எனத் துணிந்தார். சில வாரங்களுக்குள் மீண்டும் பனித்தளத்தில் இறங்கினார். அவர் இடப்பக்க முன்னணி வீரர். அவருக்கு வரவேண்டிய வட்டு பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்தே வரும். அப்பக்கமோ அவருக்கு இருள். ஆதலால், ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுதும் திருப்பி இடக்கண்ணாலேயே பார்த்து ஆடப் பழகினார். ஒரு கண் பார்வை இழந்தவர் தேசிய லீகில் ஆடலாகாது என்னும் விதி ஒன்று இருந்தது. எனவே, தமக்கு நேர்ந்ததைத் தம் தமக்கையார் போன்ற மிகச் சிலரைத் தவிர வேறு எவரிடமும் அவர் வெளியிடவில்லை. வீரரின் எஞ்சிய ஒரு கண்ணைக் காக்க எழுந்ததே அவ்விதி. அதனை மறைத்து ஆடியவர், எஞ்சிய கண்ணையும் பணயமாக வைத்தே ஆடினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1956ஆம் ஆண்டில் பேஸ்பால் அணி ஒன்று, தேர்வுப் பயிற்சிக்காக ஓரீயை அமெரிக்காவின் தென் மாநிலமாகிய ஜார்ஜியாவுக்கு அழைத்தது. குடிநீர்க் குழாய் முதல் கழிப்பறை வரை வெள்ளையர்க்கு வேறு, கறுப்பர்க்கு வேறு எனப் பிரித்து வைத்திருந்த கொடுமையை அங்கே அவர் நேரிற் கண்டார். தேர்வு முடிந்து ஊர் திரும்புகையில், பேருந்தின் பின்வரிசையில் அமருமாறு பணிக்கப்பெற்றார். வண்டி வடக்கே செல்லச் செல்ல, அவர் சிறிது சிறிதாக முன்வரிசைக்கு வந்தார். இனித் தம் வாழ்வு ஹாக்கியே என்னும் உறுதியோடு வீடு சேர்ந்தார். அவ்வாண்டே கியூபெக் நகரத் தொழில்முறை அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

1958ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் அவர் கனவு நனவாயிற்று. வீரர் குறைவால் பாஸ்டன் அணி அவரை அழைத்தது. மான்றியால் நகரின் புகழ்பெற்ற அரங்கில், அந்நகர அணிக்கு எதிராக ஓரீ களமிறங்கினார். பாஸ்டன் அணி 3-0 என்னும் கணக்கில் வென்றது. தேசிய லீகில் ஆடிய முதற் கறுப்பின வீரர் என்னும் பெருமை அன்று அவருக்கு உரியதாயிற்று.

அப்பருவத்தில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். 1960-61ஆம் ஆண்டுப் பருவத்தில் மீண்டும் அழைக்கப்பெற்று 43 ஆட்டங்கள் ஆடினார். 4 கோல்கள் அடித்தார். அவற்றுள் முதலாவது, 1961ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் மான்றியால் அணிக்கு எதிராக அடித்தது. பாஸ்டன் அரங்கிற் கூடியிருந்தோர் எழுந்து நின்று நெடுநேரம் ஆரவாரித்தனர்.

ஆயினும், எங்கும் பாராட்டே கிடைத்துவிடவில்லை. சில நகரங்களில் பார்வையாளர் அவரது நிறத்தைச் சுட்டி இழிமொழி கூறினர். சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் முனையால் முகத்தில் தாக்க, ஓரீயின் பற்கள் உடைந்தன, மூக்கும் முறிந்தது. அவரும் பதிலுக்குத் தாக்கினார்; பெருங்கலவரம் மூண்டது. அதன்பின் தனித்திருந்து சிந்தித்தபோது ஓரீ ஒரு முடிவுக்கு வந்தார். இந்த லீகை விட்டு நீங்க நேரின், அது தம் திறமைக் குறைவால் நேரட்டும். பிறர் கூறும் இழிமொழியால் நேரக்கூடாது என்பதே அம்முடிவு.

1961ஆம் ஆண்டில் பாஸ்டன் அணி அவரை விட்டுவிட்டது. தேசிய லீகில் அவர் ஆடியவை 45 ஆட்டங்களே. ஆனால், அவர் ஹாக்கியைக் கைவிடவில்லை. மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் அணியிலும், பின்னர்ச் சான்டியாகோ அணியிலும் சேர்ந்து ஆடினார். லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பயிற்சியாளர் அவரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாற்றினார். பார்வையுள்ள இடக்கண் இப்போது களத்தை நோக்கிற்று. கழுத்தைத் திருப்பும் துன்பம் நீங்கிற்று. 1964-65, 1968-69 ஆகிய இரு பருவங்களிலும் பருவத்திற்கு 38 கோல்கள் அடித்தார். 1962ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த விருந்தொன்றில் ராபின்சனை மீண்டும் சந்தித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பார்த்த சிறுவனை அப்பெருவீரர் மறவாது நினைவிற் கொண்டிருந்தார்.

தேசிய லீகில் அடுத்த கறுப்பின வீரர் ஆடியது 1974ஆம் ஆண்டிலேதான். ஒருவர் திறந்த கதவு மற்றவர்க்குத் தானே திறந்து நிற்பதில்லை என்பதற்கு இது சான்று. ஓரீ, 1979ஆம் ஆண்டில் தமது 43ஆம் வயதில் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். பின்னர்ச் சிலகாலம் காவற்பணி ஆற்றினார். 1998இல் தேசிய லீக் அவரைத் தன் பணிக்கு அழைத்தது. வறுமையாலும் நிறவேற்றுமையாலும் பனித்தளத்தை அணுகாதிருந்த பிள்ளைகளை ஊர்தோறும் சென்று சந்தித்து, அவர்கட்கு ஊக்கமளித்தார். 2018ஆம் ஆண்டில் ஹாக்கிப் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள், முதல் ஆட்டம் நிகழ்ந்து சரியாக 64 ஆண்டுகள் நிறைந்தபோது, அவர் அணிந்த 22ஆம் எண்ணைப் பாஸ்டன் அணி வேறு எவர்க்கும் வழங்காது அரங்கின் உச்சியில் ஏற்றிச் சிறப்பித்தது.

ஓரீயின் வாழ்வில் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று எல்லாரும் கண்ட நிறம். மற்றொன்று எவரும் காணாத கண். அவரது ஆட்டத்திற்கு உண்மையிலே இடையூறாக இருந்தது கண்ணே. அதனை அவர் ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் கண்டுகொள்ளவில்லை. நிறமோ ஆட்டத்திற்குச் சிறிதும் இடையூறு அன்று. அதனையே பலர் பெரிதாகக் கண்டனர். புறத்தோற்றம் கொண்டு ஒருவரை அளப்பது எத்துணைப் பேதைமை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது அரிது. 45 ஆட்டங்கள் என்னும் கணக்கு சிறியதே. அவற்றை ஆடுவதற்கு அவர் கடந்த தொலைவு பெரிது.