பதுளைப் பக்கம் பியானோ திருத்தப் புறப்படும் பிள்ளைகளுக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே, சுதி சேர்ப்பதை நிறையப் பேர் கற்றுக்கொள்கிறார்கள். விரலால் அமுக்கும் கட்டையின் பாரத்தையும் உள்ளே இருக்கும் பொறியையும் சீர்செய்ய ஆள் குறைவு. நம் ஊவா மாகாணத்தில் இந்த வேலைக்கு என்று சில விஷயங்கள் உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

1. வீட்டுக்காரர் "கட்டை கனக்குது" என்றதும் திருப்புளியை எடுக்காதீர்கள். முதலில் எந்த மாதம் என்று பாருங்கள். ஐப்பசி முதல் தை வரை வடகீழ் மழையில் மரமும் கம்பளித் துணியும் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். கட்டை இறுகும், அமுக்கினால் எழும்பாது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே கட்டை காய்ந்து கடகடக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் அந்த வறண்ட காற்றுதான் பியானோவின் மரத்தையும் சுருக்குகிறது. ஆகையால் மார்கழியில் செய்யும் எந்தத் திருத்தமும் ஆவணியிலும் தாங்க வேண்டும். மழையில் இறுகியதைச் சீவித் தளர்த்தினால் கச்சானில் ஆடும். சீவிய மரம் திரும்ப வளராது. அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறக்கிய பியானோவை உடனே தொடாதீர்கள். உயரத்தில் எழுநூறு மீற்றருக்கு மேல் வித்தியாசம், காற்றும் வேறு. வைத்த அறையில் சில வாரம் இருந்து பழகட்டும்.

2. பாரம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். வலது மிதியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டையின் முன் ஓரத்தில் 50 கிராம் படிக்கல்லை வையுங்கள். கட்டை மெதுவாக இறங்கினால் பாரம் சரி. அசையாமல் நின்றால் சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கலாம். சுத்தியலை விரலால் தந்திப் பக்கம் தள்ளி விடுங்கள். சோம்பலாகத் திரும்பினால் அதன் மூட்டு ஊசியைச் சுற்றியுள்ள துணி இறுகியிருக்கிறது. சுத்தியல் சட்டென்று விழுந்தும் கட்டை எழும்பாவிட்டால் குறை கட்டையில்தான். கட்டையை முன்பக்கம் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். மெல்லிய அசைவு தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டையின் ஆணிகளைச் சுற்றியுள்ள துணி ஊதியிருக்கிறது.

3. கட்டைகளைக் கழற்றும் முன் அவற்றில் அச்சிட்ட எண்களைப் பாருங்கள். பழைய பியானோவில் 85 இருக்கும், பிந்தியதில் 88. எண் அழிந்திருந்தால் நீங்களே பென்சிலால் எழுதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நடு ஆணியையும் முன் ஆணியையும் துரு போக மினுக்கித் துடையுங்கள். மினுக்கும் பசை துளியும் மிஞ்சக் கூடாது. இறுகிய துணியை அதற்கென்ற குறடால் அமுக்கித் தளர்த்துங்கள், அரம் வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் துணிக்குள் ஊறித் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். பிறகு துணி முழுவதையும் மாற்ற வேண்டிவரும். வழுக்க வேண்டிய இடத்துக்குப் பென்சில் கரியோ நல்ல டால்க் பொடியோ போதும்.

4. நான் திறந்து பார்த்த பங்களாப் பியானோக்களில் பெரும்பாலானவை லண்டனில் செய்தவை. சிலவற்றில் தந்தியின் ஒலியை அடக்கும் டேம்பர்கள் சுத்தியலுக்கு மேலே இருக்கும். அவற்றின் கம்பிகள் முன்னால் கூண்டுபோல வரிசையாக நிற்கும். அப்படியொன்றைத் திறந்தால் தூசி தட்டி மூடிவிடுங்கள். அந்தக் கம்பிகளைக் கழற்றி மாட்ட ஒரு நாள் முழுக்கப் போகும். கழற்றத்தான் வேண்டுமென்றால் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மற்றப் பியானோக்களில் சுத்தியலைப் பிடித்திழுக்கும் சிறு நாடாக்களை முதலில் பாருங்கள். லண்டன்காரர் ராபர்ட் வோர்னம் 1842-ல் காப்புரிமை பெற்ற அமைப்போடு சேர்த்துப் பேசப்படும் நாடா இது. நம் ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். இற்ற நாடாவோடு பொறியை வெளியே இழுத்தால் நாடா தாங்கும் கீழ்த்தண்டுகள் தொங்கிச் சிக்கி உடையும். நாடா மாற்றாமல் எடுக்கவே வேண்டாம்.

5. இனி அளவுகள். முதலில் வெற்றசைவு போக வேண்டும். கட்டையை மெல்லத் தொட்டதும் சுத்தியல் அசையத் தொடங்க வேண்டும். கட்டை சற்று இறங்கிய பிறகுதான் சுத்தியல் அசைகிறதென்றால் கட்டையின் பின்பக்கத்திலுள்ள கேப்ஸ்டன் திருகை மெல்ல உயர்த்துங்கள். மிகையாக உயர்த்தினால் சுத்தியலைத் தள்ளும் ஜாக் தன் இடத்துக்குத் திரும்பாது. அடுத்து, சுத்தியல் ஓய்வில் தந்தியிலிருந்து சுமார் 45 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். கட்டையை மெதுவாக அமுக்கினால் தந்திக்கு 3 மில்லிமீற்றர் முன்பே சுத்தியல் விடுபட வேண்டும்; உச்ச சுரங்களில் இன்னும் கிட்டப் போகலாம். கட்டை இறங்கும் ஆழம் 10 மில்லிமீற்றர். ஆழம் குறைய வேண்டுமென்றால் முன் ஆணியின் ஃபெல்ட்டுக்கு அடியில் ஒரு கடதாசி வளையம் சேருங்கள், கூட வேண்டுமென்றால் ஒன்றை எடுங்கள். பலமாக அடித்தபின் சுத்தியல் தந்தியிலிருந்து சுமார் 15 மில்லிமீற்றரில் பிடிபட வேண்டும்.

இந்த அளவுகள் ஒன்றையொன்று இழுக்கும். எல்லாக் கட்டைகளுக்கும் ஒரே மூச்சில் போகாமல், நடுவிலுள்ள ஒரு கட்டையை மட்டும் முழுமையாக முடித்து, பலமாகவும் மெதுவாகவும் அதை வாசித்துப் பாருங்கள். அது மனதுக்குப் பிடித்தால் மற்றவற்றுக்கு அதையே மாதிரியாக வையுங்கள்.

6. பிள்ளைக்கு இலேசாக வேண்டும் என்று தாய்மார் கேட்பார்கள். அதற்காகச் சுத்தியலைத் திருப்பும் ஸ்பிரிங்கை வளைத்துத் தளர்த்தாதீர்கள். கட்டை இலேசாகும், ஆனால் அடுத்தடுத்து அடிக்கும்போது சுத்தியல் திரும்ப நேரம் எடுக்கும். அந்தப் பிள்ளை வேகமாக வாசிக்கவே முடியாது. பாரம் உண்மையிலேயே சரியாக இருக்கிறதென்றால், படிக்கல்லை வைத்துத் தாய்க்குக் காட்டுங்கள்.

7. ஈரம் ஏறாமலிருக்க, பியானோவின் அடிப்பாகத்தில் 25 வாட் குண்டு பல்பு ஒன்றை மரத்தையும் துணியையும் தொடாமல் மாட்டி, மழைக்காலத்தில் எரிய விடச் சொல்லுங்கள். கச்சானில் அணைத்துவிட வேண்டும். எல்இடி பல்பில் போதிய சூடு வராது, அது இதற்கு உதவாது. பியானோ சிம்னிக்குப் பக்கத்திலோ வெயில் படும் சுவரோரமோ இருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள்.

8. இனித் திருத்த முடியாது என்று தள்ளிவிட்ட பியானோ எங்கேயாவது கிடைத்தால் விறகுக்குப் போக விடாதீர்கள். ஸ்பிரிங், மூட்டு ஊசி, பூச்சி அரிக்காத கம்பளித் துணி, கட்டையின் மேல்தகடு எல்லாவற்றையும் கழற்றி, எந்தப் பியானோவிலிருந்து எடுத்தது என்று எழுதி, தகரப் பெட்டியில் பூச்சி உருண்டையோடு வையுங்கள். இந்தச் சாமான்களைக் கொழும்பில் தேடி அலைவதைவிட அந்தப் பெட்டிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.