நொத்தாரிசு மேல் பழி போடாதீர்கள்

பாரிஸ் புறநகரில் பழைய அடுக்குமாடி வீடொன்றை 250,000 யூரோவுக்கு வாங்குகிறோம். எங்கள் முதல் வீடு. நொத்தாரிசுக் கட்டணமே 18,500க்கு மேல் வருமாம். பேசிக் குறைக்க முடியாதா?

பாவம் நொத்தாரிசு! அதில் ஏறத்தாழ 14,500 வரி. அவர் வாங்கிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். அவருடைய பங்கு வற் சேர்த்தும் 2,900க்குள். அதுவும் அரசு நிர்ணயித்த வீதம். 100,000 யூரோவுக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 வீதம் வரை கழிவு தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களுக்கு 290 யூரோ அளவில் மிஞ்சும். ஆனால் கழிவு தரும் அலுவலகம் எல்லோருக்கும் ஒரேமாதிரித் தரவேண்டும். ஆகவே பேரம் வேண்டாம், தருகிற இடத்தைத் தேடுங்கள்.

பெரிய காசு வரியில்தான். பொருத்திய சமையலறை, அவண், குளிர்சாதனப் பெட்டி என வீட்டோடு விடுபவற்றை நியாயமான விலையுடன் முதல் ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதுவியுங்கள். 8,000 யூரோவுக்குப் பொருளென்றால் 460க்கு மேல் மிச்சம். விலையை ஊதிவிட்டால் வரித்துறை கேள்வி கேட்கும். முகவர் தரகை நீங்கள் கொடுப்பதானால் அதையும் பிரித்தெழுதுங்கள். தரகுக்கு இந்த வரி இல்லை.

2025இல் பல மாவட்டங்கள் வரியை அரை வீதம் கூட்டின. குடியிருக்க முதல் வீடு வாங்குபவருக்கு அந்த உயர்வு கிடையாது. 1,250 யூரோ விஷயம், நொத்தாரிசிடம் மறக்காமல் சொல்லுங்கள்.