லாரி எஞ்சினில் நீர்க் கசிவு: கண்டறிதலும் சீர் செய்தலும்

சங்கத்தின் சரக்கு லாரியில் ஏறிவிட்டதனால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அது உரிய இடத்தில் இறங்கும்வரை அங்கத்தினர் அனைவருடைய உடைமையேயாகும். நூல் சிப்பங்கள் இரண்டு நாள் தாமதத்தைப் பொறுக்கும்; வாழைத்தாரும் தக்காளியும் பொறுக்கமாட்டா. சாலையோரத்தில் ஆவி கக்கி நிற்கும் லாரிகளிற் பல, அன்று திடீரெனக் கெட்டவை அல்ல. பல நாட்களாகச் சொட்டிய நீரைக் கவனியாமல், காலைதோறும் ஒரு குடம் ஊற்றி ஓட்டப்பட்டவை. குறைந்த நீரை நிரப்புவது பழுது பார்த்தல் ஆகாது. அந்த நீர் எங்கே போயிற்று என்று காண்பதே பழுது பார்த்தலின் முதற்படி. ஸ்பானர் பிடிப்பது மெக்கானிக்கின் வேலையாயினும், எதற்காகச் செலவு செய்கிறோம் என்பதை அறிந்து செலவு செய்வது சங்கத்தின் கடமையாகும்.

நீர் சுற்றும் வழி

வாட்டர் பம்ப் தள்ளும் நீர், சிலிண்டர் லைனர்களைச் சுற்றி, ஹெட்டிற்கு ஏறி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரை அடைகிறது. அங்கே காற்றால் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்பிற்குத் திரும்புகிறது. எஞ்சின் போதிய அளவு சூடேறும்வரை தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து வைத்திருக்கும். பிரேக்கிற்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸர், ஆயில் கூலர் ஆகியவற்றிற்கும் பல வண்டிகளில் இதே நீர் கிளைபிரிந்து செல்கிறது. ஆகவே, கசியக்கூடிய இடம் ரேடியேட்டர் ஒன்று மட்டுமன்று.

மூடியும் ஒரு முக்கிய உறுப்பே. அது அழுத்தத்தை அடக்கிவைப்பதால் நீர் கொதிக்கும் நிலை உயர்கிறது. சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு தாங்கும் மூடி இருப்பின், 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கவேண்டிய தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதியாது நிற்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், எங்கும் ஓட்டை இல்லாமலேயே நீர் பொங்கி வெளியேறும்.

தொடுமுன் ஜாக்கிரதை

சூடாயுள்ள எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேல் ஹோஸைக் கை பொறுக்கத் தொட முடியும்வரை காத்திருக்கவேண்டும். வறண்டு கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட் வெடித்துப்போகவும் கூடும். மேலும், கூலண்டில் பெரும்பாலும் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய விஷமாகும். வடித்த கூலண்டைத் தரையிலோ வாய்க்காலிலோ விடாமல் மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்துவைக்கவேண்டும். இன்றேல் ஆடுமாடுகளும் நாய்களும் குடித்து உயிரிழக்க நேரிடும்.

நீர் போகும் மூன்று வழிகள்

நீர் தரையிற் சொட்டலாம். மூடி வழியாக ஆவியாகிப் போகலாம். அல்லது எஞ்சினுக்குள்ளேயே புகலாம். பாவில் இழை அறுந்தால், அறுந்த முனையைத் தேடியெடுத்த பின்னரே முடிச்சிடுகிறோம். இங்கும் முறை அதுவே.

முதலாவதாக, இரவில் வண்டியை நிறுத்துமிடத்தில் எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டைகளை விரித்து வைக்கலாம். விடியலில் எந்த இடத்திற்கு நேர்கீழே ஈரம் உள்ளது என்பது தெரியும். பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறமிருந்தால் அது கூலண்ட். நிறமும் பிசுக்கும் அற்றதாயின் கேபின் குளிர்சாதனத்தின் நீராக இருக்கலாம். கசிந்த நீர் உலர்ந்த இடத்தில் உப்புப் பூத்தாற்போல ஒரு படிவு இருக்கும். ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றில் இப்படிவைத் தேடவேண்டும். பம்பின் துளையில் நீர் தொடர்ந்து சொட்டினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அத்துளையை அடைத்துவிடுவது பெருந்தவறு.

சில கசிவுகள் குளிர்ந்த வேளையில் மட்டுமே தோன்றும். உலோகமும் ரப்பரும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆதலால் அதிகாலையில் சொட்டும் ஹோஸ், எஞ்சின் சூடானதும் விரிந்து இறுகி, உலர்ந்துவிடும். பகலில் பார்க்கும் மெக்கானிக் குறை ஒன்றுமில்லை என்பார். எனவே வண்டியை ஓட்டுமுன் சோதிப்பதே நன்று.

அழுத்தச் சோதனை

கண்ணுக்குப் புலப்படாத கசிவிற்கு, அளவுமானி பொருத்திய கைப்பம்பு ஒன்றுண்டு. எஞ்சின் ஆறியபின் மூடியை நீக்கி, அவ்விடத்தில் இதனைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரையில் மட்டும் காற்றேற்றிக் கால்மணி நேரம் காத்திருக்கவேண்டும். முள் அசையாதிருந்தால் அந்நிலையில் கசிவில்லை. முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரமும் காணப்படாவிட்டால், நீர் உள்ளே போகிறது என ஐயுறல் வேண்டும். மூடியையும் அதே கருவியால் சோதிக்கலாம்.

உட்கசிவின் அறிகுறிகள் இவை: எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்தல்; ஆயிலின் மட்டம் தானாக உயர்தல்; எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நீங்காதிருத்தல்; ரேடியேட்டரில் ஓயாது குமிழி எழுதல்; ஏர் டேங்க்கை வடிக்கும்போது கூலண்ட் வருதல். கடைசி அறிகுறி கம்ப்ரஸரையும், மற்றவை ஹெட் கேஸ்கட், ஹெட், லைனர், ஆயில் கூலர் போன்றவற்றையும் சுட்டும். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பும் அமைப்புள்ள வண்டிகளில், அப்புகைக் கூலர் ஓட்டையானாலும் வெண்புகை வரும். ஆதலின் புகையைக் கண்ட மாத்திரத்தில் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கலாகாது. ஆனால் ஆயிலில் நீர் கலந்தது தெரிந்தால், வண்டியை ஓர் அடியும் ஓட்டாமல் கட்டியிழுத்துச் செல்லவேண்டும். அந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது.

சீர் செய்தல்

தளர்ந்த கிளிப்பை இறுக்கலாம். ஹோஸ் ஊதியோ, வெடித்தோ, அழுத்தினால் நொளுநொளுத்தோ இருந்தால் மாற்றியே தீரவேண்டும். பித்தளை ரேடியேட்டரை ஈயப்பற்று வைத்துச் சீராக்கலாம். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்த ரேடியேட்டரில் விரிசல் கண்டால் பெரும்பாலும் மாற்றுவதே நிலையான வழி. பம்பின் சீல் போனால் பம்பையே மாற்றுவது வழக்கம்.

மஞ்சள்பொடியைக் கரைத்து ஊற்றிக் கசிவை அடைக்கும் வழக்கம் டிரைவர்களிடையே உண்டு. வழியில் தவித்து நிற்கும்போது ஒர்க்‌ஷாப் வரை சேர அது உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் பொடி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஆகையால் பிறகு முழுவதையும் வடித்துக் கழுவுதல் அவசியம்.

மீண்டும் நிரப்பும்போது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரைத் தவிர்க்கவேண்டும். அது உள்ளே பாறைபோற் படிந்து உஷ்ணத்தைத் தடுக்கும். தயாரிப்பாளர் குறித்த கூலண்டைக் குறித்த விகிதத்தில், உப்பு நீக்கிய நீருடன் கலக்கவேண்டும். கூலண்ட் குளிர்நாட்டுக்கே உரியது என்று எண்ணுதல் சரியன்று. வெறுந்தண்ணீர் துருவை வளர்ப்பதோடு, கனரக டீசல் எஞ்சினின் அதிர்வால் லைனரின் புறத்தே எழும் குமிழிகள் அதனை ஊசியால் குத்தியதுபோல் அரித்துத் துளைக்கவும் இடந்தரும். கூலண்டிலுள்ள காப்புச் சரக்கே இதனைத் தடுக்கிறது. நிரப்பியபின் உள்ளடைந்த காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் மட்டத்தை மறுபடியும் பார்க்கவேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

டிரிப் ஷீட்டில் டீசலுக்குக் கட்டம் இருப்பதுபோல், ஊற்றிய நீருக்கும் ஒரு கட்டம் வரைக: தேதி, கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர். வாரம் அரை லிட்டர் என்றிருந்தது இரண்டு லிட்டராக ஏறினால், ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் விளங்கும். உஷ்ணமானியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. நீர் முழுதும் வற்றிவிட்டால், நீரில் நனையாத அந்த உணர்கருவி உண்மையான சூட்டைக் காட்டாமலே போகலாம்.

கசிவைத் தெரிவித்த டிரைவரைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால் அவர் அடுத்த முறை சொல்லாமல் குடத்தைத் தேடுவார். தகுந்த காலத்தில் மாற்றும் ஒரு ஹோஸின் விலை சிறிது. அதை ஒத்திப்போட்டு எஞ்சினையே இறக்கிப் பழுது பார்க்க நேர்ந்தால், அச்செலவு அங்கத்தினருக்குச் சேரவேண்டிய லாபத்திலிருந்தே போகும்.