சேவலுக்குச் சுகமில்லையா? முதலில் பிரித்து வையுங்கள்

நமது லயங்களில் சேவல் வளர்ப்பது அழகுக்காக மட்டும் அல்ல. தீபாவளிக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் கைகொடுக்கும் சேமிப்பு அது. ஆனால் லயத்தில் எல்லார் கோழியும் ஒரே வாசலில் மேய்ந்து, ஒரே கானில் தண்ணீர் குடிக்கின்றன. ஒரு சேவலுக்கு வந்த நோய் சில நாட்களில் எல்லாக் கூட்டையும் காலி செய்துவிடலாம். எனவே, மருந்து தேடுவதற்கு முன்பே சேவலைப் பிரித்து வைக்க வேண்டும்.

எப்படி அறிவது?

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் கூட்டைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கவனியுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் சேவல், தீனி எடுக்காத சேவல், வாயைத் திறந்து மூச்சு வாங்கும் சேவல் சுகமில்லாதது.

தொட்டால் சுடுகிறது என்று பெனடோல் உடைத்துக் கொடுக்காதீர்கள். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே சுமார் 41 பாகை செல்சியஸ். நமக்கு 37 தான்.

பராமரிப்பு

1. மரப்பெட்டியில் உலர்ந்த சாக்கு விரித்து, குளிர்காற்றும் அடுப்புப் புகையும் படாத மூலையில் வையுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் வேண்டாம்.

2. சுத்தமான தண்ணீரும், குழைந்த சோறும் கிட்ட வையுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும். சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விட்டால் தானே விழுங்கும்.

3. சுகமான கோழிகளுக்கு முதலில் தீனி போடுங்கள். சுகமில்லாததைக் கடைசியில் பாருங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

காயம் பட்டால்

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு சிறிய தேக்கரண்டி உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் பூச வேண்டாம். அவை சதையைப் புண்ணாக்கும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். காயம் ஆறும்வரை கூட்டத்தில் விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும்.

தாமதிக்கக் கூடாத நேரம்

கழுத்து திருகுதல், பச்சையாகக் கழிதல், கால் சிறகு விழுதல் ஆகியவை ராணிக்கெட் நோயாக இருக்கலாம். இதைக் குணமாக்க மருந்து இல்லை. தடுப்பு மருந்தை நோய் வருமுன் கொடுக்க வேண்டும். இப்படி ஒன்றைக் கண்டாலோ, பல கோழிகள் ஒன்றாகச் செத்தாலோ, உடனே அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

"சாகிறதுக்குள்ள அடிச்சுச் சமைச்சிடுவோம்", "யாருக்காச்சும் வித்திடுவோம்" என்று சிலர் சொல்வதை நாங்கள் கேட்கிறோம். இரண்டும் கூடாது. விற்ற சேவலோடு நோயும் அடுத்த லயத்துக்குப் போகும். செத்ததைப் பீலிக்கரையிலோ கானிலோ வீசாமல், தண்ணீருக்குத் தூரமாக ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

புதிதாக வாங்கும் சேவலையும் இரண்டு கிழமைக்குத் தனியே வையுங்கள். பக்கத்துக் காம்பராக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுடைய கூடு சுகமாக இருந்தால்தான் நம்முடைய கூடும் சுகமாக இருக்கும்.