கைக்குழந்தையும் கேழ்வரகு மாவும்

குழந்தை பிறந்த முதலாண்டு, கிராமத்துப் பெண்கள் தொழில் தொடங்க ஏற்ற காலமன்று என்றே நாம் நெடுநாள் கருதி வந்தோம். கடன் கேட்டு வருபவர் கையில் குழந்தையைக் கண்டால், "அடுத்த ஆண்டு பார்க்கலாம், அம்மா" என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. அக்கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்த வரலாற்றை இங்கே எழுதுகிறோம். தொழில் செய்ய விரும்பும் சகோதரிகளும், அவர்களுக்கு வழிகாட்டும் ஊழியர்களும் இதில் அறிந்துகொள்ளத் தக்கவை சில உண்டு. அவற்றுள் ஒன்றை நாமே தவறிழைத்துக் கற்றோம்.

கிருஷ்ணகிரிப் பகுதி கேழ்வரகு விளையும் பூமி. அங்குள்ள சிற்றூர் ஒன்றில், ஏழு மாதக் குழந்தையின் தாய் ஒருவர் பூந்தோட்ட வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும். கடையில் விற்கும் டப்பா மாவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சினால், கெட்டியாக இருந்தால் குழந்தை துப்பிற்று; நீர்க்க இருந்தால் வயிறு நிறைந்ததேயன்றி எடை ஏறவில்லை.

இதற்கு வழி சொன்னவர் அங்கன்வாடி ஊழியர். தானியம் முளைக்கும்போது அதனுள் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. ஆகையால் முளைகட்டிய மாவைக் கூடுதலாகச் சேர்த்துக் காய்ச்சினாலும் கஞ்சி இளகியே நிற்கும். சிறு கிண்ணத்திலேயே மிகுந்த சத்து அடங்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருப்பதும் யாவரும் அறிந்ததே.

செய்முறையில் கவனம் வேண்டும். கல் நீக்கி அரித்த கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். முளை விட்டபின் நன்றாக உலர்த்தி, முளையை உதிர்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கலாம். மணம் வரட்டும் என்று அதிகமாக வறுப்பவர்கள் அந்த நொதியையே கெடுத்துவிடுகிறார்கள். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நிலக்கடலை சேர்ப்பதாயின் சுருங்கிய, கறுத்த பருப்பை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட வேண்டும். அத்தகைய பருப்பில் ஈரலைக் கெடுக்கும் பூஞ்சண நஞ்சு இருக்கக்கூடும்.

அக்குழந்தை தேறியதைக் கண்ட நான்கைந்து வீட்டுத் தாய்மார்கள் தங்கள் தானியத்தையும் அவரிடமே கொண்டுவந்தனர். அவர் கூலி வாங்கிக்கொண்டு மாவாக்கித் தந்தார். அதுவே தொழிலின் தொடக்கம். இதில் நம் கவனத்தைக் கவர்ந்தது வேலையின் இயல்பு. கைக்குழந்தையுள்ள தாய்க்கு முழுதாக இரண்டு மணி நேரம் கிடைப்பது அரிது. குழந்தை உறங்கும் அரை மணி நேரங்களே அவருக்குச் சொந்தம். ஊறுதல், முளைத்தல், உலர்தல் ஆகிய மூன்றும் ஆளை எதிர்பாராமல் தாமே நடப்பவை. வறுத்தல் மட்டும் அவ்வாறன்று. தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்கலாகாது என்று, மாமியார் வீட்டிலிருக்கும் நாளிலேயே அவர் வறுத்தார். பூந்தோட்ட முதலாளியிடம் கிடைக்காத சௌகரியம் இது.

கணக்கில்தான் முதலில் இடறினார். தானிய விலையோடு கொஞ்சம் லாபம் வைத்து விற்றார். புடைத்துச் சலித்தபின் எடை குறைவதையும், அரைவைக் கூலி, விறகு, பை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றையும் அவர் சேர்க்கவில்லை. தம் உழைப்புக்கு ஒரு காசும் போடவில்லை. "வீட்டு வேலைக்கு யாராவது கூலி போடுவார்களா, ஐயா?" என்று கேட்டார். தோட்டத்தில் அவர் பெற்றுவந்த நாட்கூலியைச் சேர்த்து எழுதிப் பார்த்தபோது, பை ஒன்றுக்கு நட்டமே மிஞ்சிற்று. விலை உயர்ந்தது, இரண்டு வாடிக்கைக்காரர்கள் நின்றுவிட்டனர், மற்றவர்கள் நிலைத்தனர்.

இனி நம் தவற்றுக்கு வருவோம். மகளிர் குழுக்களின் கண்காட்சிக்காக அவர் தம் குழந்தையின் சிரித்த முகத்தை அச்சிட்டு, 'ஆறு மாதக் குழந்தை முதல்' என்ற வாசகத்துடன் 500 பைகள் தயாரித்தார். நாமும் அதனைப் பாராட்டினோம். பின்னர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் எடுத்துச் சொன்னபோதுதான் விழித்தோம். தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பொருட்களையும் குழந்தை உணவுகளையும் பற்றிய 1992ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 2003இல் திருத்தப்பட்டபடி, இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கென விற்கும் உணவை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சிட்டையில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ கூடாது என்கிறது. பெரிய நிறுவனங்கள் தாய்ப்பாலைப் பின்னுக்குத் தள்ளாதிருக்க வகுத்த விதி சிறு தொழிலுக்கும் பொருந்துவதே. "என் பிள்ளையின் படத்தை என் பையில் போட யாரைக் கேட்க வேண்டும்?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் உடனே பதில் இல்லை. 500 பைகளும் வீணாயின. அச்சுக்கூலி அவர் குழுவில் வாங்கிய கடன். அதை அடைக்க நான்கு மாதம் ஆயிற்று.

குழந்தை உணவென்று விற்பதற்குத் தனித் தரவிதிகள் உண்டு. குடிசையில் அவற்றை நிறைவேற்றுவது எளிதன்று. ஆகவே அவர் அம்மாவைக் குடும்பத்தார் அனைவருக்குமான கஞ்சி மாவாக மாற்றினார். பாலூட்டும் தாய்மார், பள்ளிப் பிள்ளைகள், முதியோர் ஆகியோரே இப்போது வாங்குவோர். உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, பதிவெண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய காலவரை, நிகர எடை, சேர்பொருட்கள் ஆகியவற்றைச் சிட்டையில் அச்சிட்டார். நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாது. அதனால் அது சேர்ந்திருப்பதைத் தனியே குறித்தார். முதலுக்கு அவர் நாடியது தம் மகளிர் சுய உதவிக் குழுவைத்தான். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அவ்வியக்கம் இல்லையேல், நிலமோ நகையோ இல்லாத அவரை நம்பிக் கடன் கொடுப்போர் யார்?

கைக்குழந்தைகளுக்கு அவர் பையை விற்பதில்லை. கேட்டு வரும் இளந்தாய்மாரை வெள்ளிக்கிழமை பிற்பகல் வரச்சொல்லி, கேழ்வரகை ஈரத்துணியில் கட்டும் முறையைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே காட்டுகிறார். இதனால் வியாபாரம் குறையாதோ என்று கேட்டோம். கற்றுப் போனவர்களில் பாதிப்பேர் தம் வீட்டுப் பெரியவர்களுக்கென அவரிடமே பை வாங்குகிறார்கள் என்றார்.