பாதத்தின் நோவும் நோவின்மையும்

சங்கத்திற்குப் பங்குத்தொகை முதல். நெசவாளருக்கும் உழவருக்கும் கைகால்களே முதல். நாள் முழுதும் முன்பாதத்தால் மிதிபலகையை அழுத்தும் அங்கத்தினர்கள் பாதநோவை அசட்டை செய்தலாகாது.

முன்பாதத்தில், பெரும்பாலும் மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே செல்லும் நரம்பு, எலும்புகளை இணைக்கும் நாரின் அடியில் நெருக்குண்டு தடிப்பதுண்டு. அப்போது கூழாங்கல்லை மிதித்தாற் போன்ற நோவும், விரல்களில் எரிவும் மரமரப்பும் தோன்றும். 1876இல் இதனை விவரித்த அமெரிக்க மருத்துவர் மார்ட்டன் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. முனை குறுகிய செருப்பை விலக்கி அகன்றதை அணிதல், நோவிடத்திற்குச் சற்றுப் பின்னே மெத்தை வைத்தல், இடையிடையே காலுக்கு ஓய்வளித்தல் ஆகியவற்றால் பலருக்குக் குணம் காணும். தணியாவிடில் மருத்துவரை நாடுக.

நோவினும் அஞ்சத்தக்கது நோவின்மை. முள் தைத்தும் வலிக்கவில்லை, மாமல்லபுரத்துக் கடற்கரைச் சுடுமணலில் நடந்தும் சூடு தெரியவில்லை எனில், நீரிழிவோ தொழுநோயோ நரம்பைத் தாக்கியிருக்கக்கூடும். தொழுநோய் பற்றிய பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் மத்திய அரசு 1955இல் நிலையம் கண்டது நம் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலேயே. இன்று அந்நோய் மருந்தால் முற்றும் குணமாவது. அரசு மருத்துவமனைகளில் மருந்துக்கு விலையில்லை. ஆனால் காலங்கடந்தால் நோய் நீங்கினும் இழந்த உணர்வு மீளாமற்போகலாம். ஆதலின் வெட்கமும் தாமதமும் வேண்டா.

நாள்தோறும் கணக்கைச் சரிபார்த்தல் போல, இரவில் கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்தல் நன்று.