கார் எஞ்சின் சூடேறுவது ஏன்?

2014ஆம் ஆண்டிலேயே உற்பத்தி நின்றுவிட்ட அம்பாசடர் கார்கள் நம் ஊர்களில் இன்னும் ஓடுகின்றன. இவற்றை வைத்திருப்போர் பலர், ரேடியேட்டரில் நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டுவதைக் காண்கிறோம். நீர் எவ்வழியே போகிறது என்பதையன்றோ முதலில் தேட வேண்டும்?

எஞ்சின் நன்கு ஆறியபின்னரே சோதிக்க வேண்டும். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காதிருக்கும். மூடியைத் திறந்தவுடன் ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

இரவில் வண்டியின் அடியில் அட்டையொன்றை விரித்துவைத்தால், காலையில் ஈரமே இடத்தைக் காட்டும். முன்புறம் நனைந்திருந்தால் ரேடியேட்டரையோ ரப்பர் குழாயையோ ஐயுறலாம். நீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துள்ளது. அத்துளையை அடைத்துவிடுவோரும் உளர். அடைத்தால் நீர் பேரிங்கினுள் புகும்.

வெளியே ஒரு துளியும் சிந்தாமல் நீர் குறைவதே அஞ்சத்தக்கது. ஹெட் கேஸ்கட் பழுதுற்று, நீர் எஞ்சினுக்குள் செல்லக்கூடும். எஞ்சின் சூடான பின்னும் ஓயாத வெண்புகை, ரேடியேட்டரில் இடைவிடாக் குமிழிகள், மோர் போல் வெளுத்த எண்ணெய் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வண்டியை ஓட்டலாகாது. இழுத்துச் செல்வதே சிக்கனம்.

நீர் குறையாமலே சூடேறினால் விசிறிப் பெல்ட்டையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். உப்புக் கிணற்று நீரை ஊற்றி வந்த ரேடியேட்டரில் உட்குழாய்கள் உப்புப் படிந்து அடைபட்டிருக்கும்.